கலைந்தது வேறு, கலைத்தது வேறு

கலைந்தது, கலைத்தது என்ற இரண்டு சொற்களுக்கும் இடையே ஓர் ஒற்றெழுத்துதான் வேறுபாடு. பொருளில் உள்ள தூரமோ மிகப் பெரிது. முன்னது தானாக நிகழ்ந்தது. பின்னதற்குச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். கருச்சிதைவு என்று வரும்போது நம் சமூகம் இந்த இலக்கணத்தை அடிக்கடி மறந்துவிடுகிறது. கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் கரு கலைந்தால் பல வீடுகளில் ஒரு விசாரணை தொடங்குகிறது. என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள், எதைத் தூக்கினாள், பேருந்தில் ஏன் ஏறினாள் என்று கேள்விகள் நீளுகின்றன. பிறர் கேட்காத வீடுகளிலும் அந்தப் பெண் தன்னிடமே அவற்றைக் கேட்டுக்கொள்கிறாள். நடந்த ஒன்றைத் தான் செய்த ஒன்றாக அவள் மனம் மாற்றி எழுதிக்கொள்கிறது.

மருத்துவ அறிவியல் இந்த விசாரணைக்குத் தெளிவான பதிலை வைத்திருக்கிறது. ஆரம்பகாலக் கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை அந்தப் பெண் செய்த, அல்லது செய்யத் தவறிய எதனாலும் நிகழ்வதில்லை. அவற்றுள் பல, தான் கருவுற்றிருப்பதை அவள் அறிவதற்கு முன்பே தீர்மானமாகிவிட்டவை. இந்தச் செய்தி மருத்துவர்களின் அறையைத் தாண்டி வீட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் வந்து சேரவில்லை என்பதே பிரச்சினை.

எவ்வளவு பரவலானது?

மருத்துவரீதியாக உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் சுமார் 15 சதவீதம் கருச்சிதைவில் முடிகின்றன. அதாவது, ஏறத்தாழ ஏழு கர்ப்பங்களில் ஒன்று. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 2.3 கோடி கருச்சிதைவுகள் நிகழ்வதாக 2021-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வுத் தொடர் மதிப்பிட்டது. நிமிடத்துக்கு 44 என்பது இதன் பொருள். இவற்றில் மிகப் பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள் நிகழ்பவை.

கண்ணுக்குத் தெரியாத இழப்புகளையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் உயரும். அமெரிக்காவில் 221 ஆரோக்கியமான பெண்களின் சிறுநீர் மாதிரிகளை நாள்தோறும் சேகரித்துச் சோதித்த ஆய்வு ஒன்று 1988-இல் வெளியானது. அவர்களிடம் கண்டறியப்பட்ட கர்ப்பங்களில் 31 சதவீதம் இழப்பில் முடிந்தன. 22 சதவீதம், கர்ப்பம் என்று மருத்துவரீதியாக அறியப்படுவதற்கு முன்பே கரைந்துபோயிருந்தன. சில நாள்கள் தள்ளிப்போய் வந்த மாதவிலக்கு என்று எண்ணப்படுபவற்றுள் சில, உண்மையில் நிலைக்காமல் போன கருக்களே.

இவ்வளவு பரவலான ஒன்று ஏன் அரிதாகத் தோன்றுகிறது? மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியில் சொல்லக் கூடாது என்ற வழக்கம் ஒரு காரணம். கண்ணேறு படும் என்ற அச்சமும், கரு நிலைக்காமல் போனால் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டுமே என்ற தயக்கமும் அந்த வழக்கத்துக்குள் இருக்கின்றன. ஆனால், மகிழ்ச்சியைச் சொல்லாதவர் இழப்பையும் சொல்ல முடியாது. அண்டை வீட்டிலும், அடுத்த மேசையிலும், தன் அத்தைக்கும் சித்திக்கும்கூட இது நேர்ந்திருக்கிறது என்பதை அறியாத பெண், தனக்கு மட்டுமே இப்படி நடந்ததாக நம்புகிறாள்.

குரோமோசோம் கணக்கு

முதல் மூன்று மாதங்களில் நிகழும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதி அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்குக் குரோமோசோம் எண்ணிக்கையில் ஏற்படும் பிழையே காரணம். மனித உயிரணுவில் 23 இணை குரோமோசோம்கள் உள்ளன. முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது ஒவ்வோர் இணையும் பிரிந்து, பாதிப் பங்கு மட்டுமே அவற்றுக்குப் போக வேண்டும். இந்தப் பிரிவினையில் சில வேளைகளில் ஒரு குரோமோசோம் கூடிவிடுகிறது அல்லது குறைந்துவிடுகிறது. அப்படிப்பட்ட முட்டையோ விந்தணுவோ சேர்ந்து உருவாகும் கரு சில வாரங்கள் வளர்ந்து நின்றுவிடுகிறது.

இந்தப் பிழைகளில் சில வகைகள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. 16-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவது அவற்றுள் ஒன்று. அதே நிலை எல்லா உயிரணுக்களிலும் இருந்தால் அந்தக் கரு குழந்தையாகப் பிறப்பது இயலாது. இன்னொன்று, ஒரே ஓர் எக்ஸ் குரோமோசோம் மட்டும் இருக்கும் நிலை. இதில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது தந்தை வழியில் வர வேண்டிய பால் குரோமோசோம். ஒரே முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் நுழைந்து, குரோமோசோம்களின் மொத்தக் கணக்கே ஒன்றரை மடங்காகிவிடுவதும் உண்டு. குற்றத்தை மனைவியிடமிருந்து கணவனுக்கு மாற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. இதில் யாருடைய விருப்பத்துக்கும் கவனத்துக்கும் இடமே இல்லை என்பதற்காகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வயது கூடும்போது இந்தப் பிழைகளும் கூடுவதற்கு ஓர் உயிரியல் காரணம் இருக்கிறது. ஒரு பெண்ணின் முட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தோன்றிவிடுகின்றன. குரோமோசோம்களைப் பிரிக்கும் வேலை அப்போதே தொடங்கி, பாதியில் நிறுத்திவைக்கப்படுகிறது. பல ஆண்டுகள் கழித்து, அந்த முட்டை வெளிப்படும் மாதத்தில்தான் அது மீண்டும் தொடர்கிறது. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் காத்திருக்கும் முட்டையில் குரோமோசோம்களைப் பிணைத்துவைக்கும் புரதங்கள் மெல்லத் தளர்கின்றன. நார்வேயில் 2009 முதல் 2013 வரை பதிவான நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை ஆராய்ந்தபோது, 25-29 வயதில் கருச்சிதைவு விகிதம் சுமார் 10 சதவீதமாகவும், 45 வயதுக்கு மேல் 53 சதவீதமாகவும் இருந்தது. வயதின் பங்கை இந்த எண்கள் காட்டுகின்றன. மிகக் குறைந்த ஆபத்து உள்ள வயதிலும் பத்தில் ஒரு கர்ப்பம் நிலைப்பதில்லை என்பதையும் அவையே காட்டுகின்றன.

காகமும் பனம்பழமும்

பப்பாளி சாப்பிட்டதால், அன்னாசி சாப்பிட்டதால், எள் சேர்த்ததால் உடல் சூடாகிக் கரு கலைந்தது என்ற நம்பிக்கை தமிழகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பப்பாளிக் காயின் பாலில் உள்ள பொருள்கள் எலிகளின் கருப்பையைச் சுருங்கச் செய்வதை ஆய்வகச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே, பால் வடியும் காயைத் தவிர்ப்பதில் தவறில்லை. ஆனால், உணவாக உண்ட சில துண்டு பழுத்த பப்பாளியோ, அன்னாசியோ ஒரு கர்ப்பத்தைக் கலைத்ததாகக் காட்டும் மருத்துவச் சான்று இல்லை. குடம் தூக்கியது, மாடிப்படி ஏறியது, இருசக்கர வாகனத்தில் போனது, வேலைக்குச் சென்றது, வீட்டில் நடந்த ஒரு சண்டை, கணவனோடு கொண்ட உடலுறவு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

இந்த நம்பிக்கைகள் வலுவாக நிலைப்பதற்குக் காரணம், காலவரிசை நம்மை ஏமாற்றுவதுதான். இரத்தப்போக்கு தொடங்கும் நாளே கரு கலைந்த நாள் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. கருவின் வளர்ச்சி அதற்குச் சில நாள்கள், சில வேளைகளில் சில வாரங்கள் முன்பே நின்றிருக்கும். அதன் பிறகு ஹார்மோன்களின் அளவு குறைந்து, கருப்பையின் உட்படலம் பிரிந்து, கடைசியில்தான் இரத்தப்போக்கு வெளிப்படுகிறது. எந்த அறிகுறியும் இல்லாமல் வழக்கமான ஸ்கேன் பரிசோதனைக்குச் சென்ற இடத்தில், கருவின் இதயத் துடிப்பு நின்று பல நாள்கள் ஆகிவிட்டதை அறிந்துகொள்ளும் பெண்கள் பலர்.

ஆகவே, ‘நேற்றுப் படியேறினேன், இன்று இரத்தம் வந்தது’ என்பது காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காகம் வருவதற்கு முன்பே பழத்தின் காம்பு விட்டுப்போயிருந்தது. அன்றாடம் நூறு செயல்களைச் செய்யும் ஒருவர், ஒரு துயரத்துக்குப் பின் திரும்பிப் பார்த்தால் அந்த நூறில் ஒன்று நிச்சயம் ‘காரண’மாகத் தென்படும்.

இது நமக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், மன அழுத்தம் தரும் ஒரு நிகழ்வு கருச்சிதைவை உண்டாக்கும் என்று 76 சதவீதத்தினரும், கனமான பொருளைத் தூக்குவது உண்டாக்கும் என்று 64 சதவீதத்தினரும் நம்பினார்கள். கருச்சிதைவை அனுபவித்தவர்களில் 47 சதவீதத்தினர் குற்ற உணர்வு கொண்டிருந்தார்கள். 41 சதவீதத்தினர் தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாகவே நினைத்தார்கள். மொழியும் உணவும் மாறினாலும் சுய பழி மாறவில்லை.

ஆபத்துக் காரணி என்றால் என்ன?

எதுவுமே கருவைப் பாதிக்காது என்று இதற்குப் பொருள் அல்ல. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, கவனிக்கப்படாத தைராய்டு கோளாறு, சில தொற்றுகள், புகைப்பழக்கம், மது, மிகக் குறைந்த அல்லது மிகக் கூடுதலான உடல் எடை, காற்று மாசு, பூச்சிக்கொல்லிகளோடு தொடர்பு, தொடர்ச்சியான இரவுப் பணி, நெடுங்கால மன அழுத்தம் ஆகியவை கருச்சிதைவின் விகிதத்தை உயர்த்துவதோடு தொடர்புடையவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆனால், ஆபத்துக் காரணி என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய புள்ளிவிவரம். ஒரு குறிப்பிட்ட பெண்ணின் ஒரு குறிப்பிட்ட இழப்புக்கான தீர்ப்பாக அதை வாசிக்கக் கூடாது. மேலும், இந்தப் பட்டியலில் உள்ள பலவும் தனிமனிதத் தேர்வுகள் அல்ல. பருத்திக் காட்டில் மருந்து தெளிப்பவரும், ஆலையில் இரவு ஷிப்டு பார்ப்பவரும், விறகடுப்புப் புகையில் சமைப்பவரும் தம் விருப்பத்தால் அந்த இடத்தில் நிற்கவில்லை. இவற்றைக் குறைப்பது அரசும் முதலாளிகளும் செய்ய வேண்டிய வேலை. அடுத்த கர்ப்பத்துக்கு முன் சர்க்கரையையும் தைராய்டையும் பரிசோதித்துக்கொள்வது, ஃபோலிக் அமில மாத்திரை எடுப்பது, கணவனும் மனைவியும் புகையையும் மதுவையும் விடுவது ஆகியவை தம்பதியர் செய்யக்கூடியவை. இவை எதிர்காலத்துக்கான கவனங்கள். கடந்த காலத்துக்கான குற்றப்பத்திரிகையாக இவற்றை மாற்றிவிடக் கூடாது.

மருத்துவத்தின் எல்லையும் வாய்ப்பும்

குரோமோசோம் பிழையால் நின்றுபோன வளர்ச்சியை எந்த மருந்தும் மீட்க முடியாது. இரத்தம் கண்டவுடன் முழுப் படுக்கை ஓய்வு எடுக்கச் சொல்வது நம்மிடையே பரவலான பழக்கம். படுக்கை ஓய்வு கருச்சிதைவைத் தடுப்பதாக ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. அதில் இன்னொரு தீங்கும் இருக்கிறது. அசையாமல் படுத்திருந்தால் கரு நிலைக்கும் என்று சொல்லும்போதே, நிலைக்காவிட்டால் அவள் அசைந்ததுதான் காரணம் என்றும் சொல்லிவிடுகிறோம்.

புரோஜெஸ்டிரோன் மருந்தும் எல்லோருக்கும் பயன் தருவதில்லை. ஆரம்பகால இரத்தப்போக்கு கண்ட 4,153 பெண்களிடம் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு 2019-இல் வெளியானது. மருந்து பெற்றவர்களில் 75 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 72 சதவீதத்தினருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது. இந்த இடைவெளி உறுதியான வேறுபாடாகக் கருதப்படவில்லை. எனினும், ஏற்கெனவே கருச்சிதைவை அனுபவித்து இப்போது இரத்தப்போக்கும் உள்ள பெண்களுக்குப் பலன் இருக்கக்கூடும் என்று தெரிந்ததால், அத்தகையோருக்கு மட்டும் அதைத் தரலாம் என 2021-இல் பிரிட்டனின் வழிகாட்டுதல் மாற்றப்பட்டது.

கரு நின்றுவிட்டது உறுதியான பின், தானாக வெளியேறக் காத்திருத்தல், மாத்திரை மூலம் வெளியேற்றுதல், உறிஞ்சு கருவி மூலம் அகற்றுதல் என மூன்று வழிகள் உள்ளன. கருப்பையைச் சுரண்டி எடுக்கும் பழைய முறையைவிட உறிஞ்சும் முறையையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பெண்ணின் உடல்நிலை இடம் தரும்போது, எந்த வழி என்பதை அவளிடம் விளக்கி, அவள் விருப்பத்தைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின்கள் நனையுமளவு இரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, மயக்கம், அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, தோள்பட்டை முனையில் வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடைசியில் சொன்ன மூன்றும் கருக்குழாயில் கரு தங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். அது உயிருக்கு ஆபத்தானது. ஆர்எச் நெகட்டிவ் இரத்த வகை கொண்டோர், ஊசி தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு முறை கரு கலைந்ததாலேயே எல்லாப் பரிசோதனைகளையும் செய்ய வேண்டியதில்லை. இரண்டு அல்லது மூன்று முறை தொடர்ந்தால் காரணத்தைத் தேடுவது அவசியம். இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி, கருப்பையின் அமைப்புக் குறைபாடு, தைராய்டு கோளாறு, பெற்றோரில் ஒருவரிடம் உள்ள குரோமோசோம் இடமாற்றம் போன்றவை அப்போது தெரியவரலாம். முதலில் சொன்னதற்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் பலன் தருகின்றன. எந்தக் காரணமும் கிடைக்காமல் போவதும் உண்டு. அதுவும் நம்பிக்கைக்கு உரியதே. காரணம் தெரியாமல் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை கருவை இழந்த 836 பெண்களிடம் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், வெற்று மருந்து மட்டுமே பெற்றவர்களில்கூட 63 சதவீதத்தினர் அடுத்த கர்ப்பத்தில் குழந்தை பெற்றார்கள்.

துயரத்துக்கு அளவுகோல் இல்லை

‘சின்னக் கருதானே’, ‘நல்ல வேளை, ஆரம்பத்திலேயே போய்விட்டது’, ‘அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம்’ போன்ற ஆறுதல்கள் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவை. கேட்பவர் காதில் அவை, ‘நீ அழுவதற்கு இதில் ஒன்றுமில்லை’ என்றே விழுகின்றன. எட்டு வாரக் கரு மருத்துவருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவு. அந்தத் தாய்க்கோ அது பெயர் யோசித்த குழந்தை, வளைகாப்புக்கு எண்ணிப் பார்த்த மாதம், மாமியாரிடம் சொல்லக் காத்திருந்த செய்தி. இறந்த குழந்தைக்குச் சடங்கு உண்டு, துக்கம் விசாரிப்போர் உண்டு. கலைந்த கருவுக்கு எதுவும் இல்லை.

இந்தத் துயரம் சில பெண்களிடம் நோயாகவும் மாறுகிறது. லண்டன் மருத்துவமனைகளில் ஆரம்பகாலக் கர்ப்ப இழப்பைச் சந்தித்த பெண்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான முடிவுகளின்படி, ஒரு மாதம் கழித்து 29 சதவீதத்தினரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதங்கள் கழித்தும் 18 சதவீதத்தினரிடம் அவை நீடித்தன. தூக்கமின்மை, திரும்பத் திரும்ப வரும் காட்சிகள், பிற குழந்தைகளைப் பார்க்க முடியாத தவிப்பு, வாழ்வதில் விருப்பமின்மை ஆகியவை சில வாரங்களைத் தாண்டி நீடித்தால் மனநல உதவி தேவை. அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம்.

குற்ற உணர்விலிருந்து விடுபட, ‘நீ காரணமில்லை’ என்ற சொல் ஒரு முறை கேட்டால் போதாது. அதை மருத்துவர் சொல்ல வேண்டும். கணவர், மாமியார் முன்னிலையில் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் மருத்துவர் சொல்லுக்கு இருக்கும் எடையை இந்த இடத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம். பல ஸ்கேன் அறிக்கைகளில் இன்னமும் ‘அபார்ஷன்’ என்றே எழுதப்படுகிறது. தானாக நிகழ்ந்ததற்கும் விரும்பிச் செய்ததற்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தும்போது, வீட்டுக்குக் கொண்டுவரும் காகிதமே அவளைக் குற்றவாளியாக்குகிறது.

கணவர்களின் துயரமும் கவனிக்கப்படுவதில்லை. மருந்துச் சீட்டும் பணக்கட்டும் கையில் கொடுத்து ஓடவிடப்படும் அவர்களிடம், ‘உனக்கு எப்படி இருக்கிறது?’ என்று கேட்போர் குறைவு. இருவரும் தனித்தனியே மௌனமாக இருப்பதைவிட, இழந்ததைப் பற்றிச் சேர்ந்து பேசுவது நல்லது. மீண்டும் எப்போது முயலலாம் என்பதையும் அவர்களே முடிவுசெய்யட்டும். ஸ்காட்லாந்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான முடிவு, ஆறு மாதத்துக்குள் மீண்டும் கருவுற்றவர்களுக்குக் கூடுதல் தீங்கு எதுவும் நேரவில்லை என்று காட்டியது. உடல் தேறி, மனமும் ஒப்புக்கொள்ளும் நாளே சரியான நாள்.

சட்டம் தரும் ஓய்வு

கருச்சிதைவுக்குப் பின் ஆறு வாரங்கள் ஊதியத்துடன் கூடிய விடுப்பை 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வழங்கியது. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த உரிமை இடம்பெற்றிருக்கிறது. இப்படி ஒரு விடுப்பு இருப்பதே தெரியாத பெண்கள் ஏராளம். தெரிந்தவர்களில் பலரும் அலுவலகத்தில் காரணத்தைச் சொல்லத் தயங்கி, காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்து, மூன்றாம் நாளே பணிக்குத் திரும்புகிறார்கள். முறைசாராத் தொழிலில் உள்ளோருக்கு இந்த உரிமை காகிதத்தில்கூட எட்டுவதில்லை. நியூசிலாந்து 2021-இல் கருச்சிதைவுக்குத் துக்க விடுப்பு அளித்தபோது, அதைத் தாய்க்கு மட்டுமின்றி அவருடைய துணைவருக்கும் சேர்த்தே வழங்கியது. நம் சட்டத்தில் தந்தைக்கு அப்படி ஒரு நாள்கூட இல்லை.

தமிழகத்தில் கர்ப்பிணிகளைத் தேடிச்சென்று பதிவுசெய்யும் கிராம சுகாதாரச் செவிலியர்களின் வலைப்பின்னல் இருக்கிறது. கரு நிலைக்காத வீட்டுக்கும் அவர்கள் ஒரு முறை சென்று, உடல்நிலையை விசாரித்து, பழியில்லை என்று குடும்பத்தாரிடம் விளக்குவதைப் பணியின் பகுதியாக ஆக்கலாம். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. சிறிது பயிற்சியும் அரை மணி நேரமும் போதும்.

ஏழு கர்ப்பங்களில் ஒன்றுக்கு நேரும் இழப்பை நம்மால் முழுவதும் தடுக்க முடியாது. அந்த இழப்பின் மேல் நாம் சுமத்தும் பழியைத் தடுக்க முடியும். கரு கலைந்த ஒரு பெண்ணிடம் கேட்பதற்கு நம்மிடம் உள்ள கேள்விகளில், ‘என்ன செய்தாய்?’ என்பதைக் கைவிடுவோம். ‘எப்படி இருக்கிறாய்?’ என்று கேட்டுவிட்டு, அவள் சொல்வதைக் கேட்க அமர்வோம்.